செபமாலைக்குப் பிறகு இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது தனிக்குடித்தனம். அதற்குக் குறுக்கே இங்கிலீஷ் வந்து நின்றது, அவ்வளவுதான்.

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த வீடு பாப்பாரப்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில். கத்தோலிக்கக் குடும்பம், விவசாயம். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரருடைய அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், கடைசியாக நாங்கள். எங்களுக்கென்று ஒதுக்கியது கேழ்வரகு மூட்டை அடுக்கியிருந்த அறை. அதற்குக் கதவு கிடையாது, ஒரு பழைய சேலை தொங்கும். எந்த நேரத்தில் யாருக்கு எலிப்பொறி ஞாபகம் வந்தாலும் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். மாமியார் வருவார், மூட்டைகளைத் தட்டிப் பார்ப்பார், "நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கப்புறம் யாருக்குத் தூக்கம் வரும். புதுப்பெண், வாயைத் திறந்தும் பேச முடியாது. எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு மேல்.

என் வீட்டுக்காரர் தர்மபுரியில் ஒரு கவர்மென்ட் ஆபீசில் பியூன். தர்மபுரி தனி மாவட்டமாகிப் புதுப்புது ஆபீஸ்களாக வந்துகொண்டிருந்த காலம் அது. பியூன்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பாஸ் செய்தால் கிளார்க். கிளார்க் ஆனால் மொரப்பூர் ஆபீசில் இடம் காலியாக இருந்தது, அங்கே ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி கோட்டர்சும் உண்டு. கோட்டர்ஸ் என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் அடுப்பு, என் கதவு, நானும் அவரும். ஒரு தம்ளர் காப்பி போட்டால் அதை ஒருத்தர்கூட எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் அவர் ஏற்கெனவே அந்தப் பரீட்சையை எழுதி, கணக்கிலும் தமிழிலும் தேறி, இங்கிலீஷில் கோட்டை விட்டவர். "இதுதான் கடைசி" என்றார். "அப்பறம் வயசு தாண்டிப் போச்சின்னா எழுத வுட மாட்டாங்க. ஆயுசுக்கும் பியூனுதான்."

"ஆயுசுக்கும் கேவுரு மூட்டதான்னு சொல்லுங்க" என்றேன்.

இங்கிலீஷ் பேப்பரில் இரண்டு சமாச்சாரம். ஒன்று, வார்த்தைக்கு அர்த்தம். இன்னொன்று, ஒரு பத்தியைக் கொடுத்து அதன் கீழே கேள்வி கேட்பார்கள். அதற்காகச் சேலத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு கைடு வாங்கி வந்திருந்தார். வார்த்தைகள், பத்திகள், கேள்விகள், விடைகள் எல்லாம் தமிழ் அர்த்தத்தோடு அதில் இருந்தன. ஆபீசிலிருந்து பஸ் பிடித்து வந்து, சாப்பிட்டு, அந்தக் கைடைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். புத்தகம் கீழே விழும். எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் தூங்குவார். ஒரு வாரம் இந்தக் கூத்தைப் பார்த்தேன். பிறகு புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

நான் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தமெல்லாம் தெரியாது. ஆனால் வேதபாடமான ஞானோபதேசத்தில் எங்கள் கோயில் பங்கிலேயே முதல் பரிசு வாங்கினவள். ஞானோபதேசம் என்றால் கேள்வி, பதில், கேள்வி, பதில். எந்தக் கேள்வியை எங்கிருந்து கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பதில் வாயில் வந்து நிற்க வேண்டும். நடுவில் யோசித்தால் சிஸ்டர் கையில் பிரம்பு. எனக்குத் தெரிந்து படிப்பு என்றால் அதுதான். கைடைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் கேள்வி, பதில், கேள்வி, பதில். இதற்குப் போயா மனுஷன் இத்தனை வருஷமாகத் திணறுகிறார் என்று எரிச்சலாக வந்தது.

வீட்டில் வெளிச்சமான விளக்கு ஒன்றுதான். சாயங்காலம் செபமாலைக்கு அதை மாதா சுரூபத்தின் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். செபம் முடிந்ததும் அணைத்துவிடுவார்கள், சீமெண்ணெய்க்குக் கேடு. அதனால் செபம் முடிந்த கையோடு, எல்லாரும் முழங்காலில் இருக்கும்போதே, நான் கைடை விரித்தேன். எனக்குத் தெரிந்த ராகம் ஒன்றுதான். அந்த ராகத்திலேயே வார்த்தையைச் சொன்னேன்.

"ரிலக்டன்ட்."

என் வீட்டுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "மனசில்லாத" என்று நானே சொல்லிக் கொடுத்து, மறுபடியும் "ரிலக்டன்ட்" என்றேன். அப்போது மாமியார் கண்ணை மூடியபடியே "மனசில்லாத" என்றார். அண்ணியும் சொன்னார். பிள்ளைகளும் சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சுரூபத்துக்கு முன்னால் ஒருத்தர் அந்த ராகத்தில் ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இப்படித்தான் ஆரம்பித்தது. பிரார்த்தனையில் புனிதர்களைக் கூப்பிடுகிற மாதிரி நான் ஒவ்வொரு வார்த்தையாகக் கூப்பிடுவேன். "அபண்டன்ட்" என்றால் "ஏராளமான". "ஷெல்டர்" என்றால் "ஒண்டுற எடம்". "அப்ஸ்டினேட்" என்றால் "புடிவாதமான". கடைசி வார்த்தை முடிந்ததும் மாமனார் "ஆமென்" என்பார். அவர் ஆமென் சொன்னால்தான் எழுந்திருக்கலாம். பத்து நாளில் வீட்டில் எல்லாருக்கும் வார்த்தைகள் பாடமாகிவிட்டன, பரீட்சை எழுதப் போகிறவரைத் தவிர. நான் வாயைத் திறந்தவுடனே மாமியார் பதிலைச் சொல்லிவிடுவார்.

"அத்த, அவரு சொல்லட்டுங்க."

"அவன் சொல்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். நீ அடுத்தத சொல்லு."

செபத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடலைக்காய் பறிக்கிற இடத்தில் அண்ணி வரிசையாக வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே பறிப்பார். பால் கறக்க விடாத எருமையை மாமியார் "அப்ஸ்டினேட்டு, அப்ஸ்டினேட்டு" என்று திட்டுவார். பாப்பாரப்பட்டி சந்தையில் மாமனார் ஒரு ஆட்டுக்கு விலை கேட்டு, ஆட்டுக்காரர் இறங்கி வராமல் போக, "நீ ரிலக்டன்ட்டா இருக்கறப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த ஆள் பின்னாலேயே ஓடிவந்து, என்ன சொல்லித் திட்டினீர்கள் என்று சண்டைக்கு நின்றானாம்.

வார்த்தைகள் முடிந்து பத்திகளுக்கு வந்தோம். பத்தியை வாசிக்க நேரமாகும். மாமனாருக்கு விளக்கைப் பார்த்தால் வயிறு எரியும்.

"அந்தப் பத்திக்கு மார்க்கு போடறானா, கேள்விக்கு மார்க்கு போடறானா?" என்று கேட்டார்.

"கேள்விக்குத்தாங்கப்பா."

"அப்பறம் பத்தி எதுக்கு? அத வுட்டுட்டு கேள்விய மட்டும் படி."

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். ஆனால் அவர் சொல்ல வந்தது எதுவும் அந்த வீட்டில் முடிந்ததில்லை. எனக்கும் மாமனார் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஞானோபதேசத்தில் பத்தி ஏது. கவர்மென்ட்டிடமும் இருக்கிற கேள்விகள் இவ்வளவுதான் இருக்கும், இதற்குள்ளேதான் கேட்டாக வேண்டும் என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம். கேள்வியையும் விடையையும் நான் இங்கிலீஷில் சொல்வேன், அவர் தமிழில் அர்த்தம் சொல்வார், பிறகு எல்லாரும் இங்கிலீஷிலேயே திருப்பிச் சொல்வார்கள். பத்தி இல்லாததால் கதை என்ன என்று யாருக்கும் தெரியாது. கேள்வி பதிலை வைத்து ஆளுக்கொரு கதை கட்டிக்கொள்வோம்.

அப்படித்தான் படகுக்காரர் வந்தார். 'ஒய் டிட் தி போட்மேன்ஸ் வைஃப் வீப்?' என்று கேள்வி. படகுக்காரன் பெண்டாட்டி ஏன் அழுதாள்? 'பிகாஸ் ஷி தாட் ஹெர் ஹஸ்பண்ட் வாஸ் ட்ரௌண்ட்.' ஏனென்றால் புருஷன் தண்ணீரில் முழுகிவிட்டான் என்று நினைத்தாள். அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து பதிலைச் சொன்னோம், மாமனார் ஆமென் சொன்னார், ஆனால் மாமியார் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைங்க இருந்துச்சா அவளுக்கு?"

என் வீட்டுக்காரர் கைடைப் பார்த்தார். "அது கேள்வியில இல்லம்மா."

"பாவம், சின்ன வயசாத்தான் இருக்கும். ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க எல்லாரும்."

சொன்னோம். வேறு வழி. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாமியார் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், செத்துப்போன ஒருத்தருக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்றார். நான் கைடோடு பின்னால் நின்றேன். கைடை எதற்கு எடுத்து வரச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"யாரும்மா செத்தது?"

"படகுக்காரருங்க சாமி. தண்ணியில முழுகிட்டாரு."

சாமியார் பதறிவிட்டார். "ஒகேனக்கல்லயா? பரிசல் கவிழ்ந்துடுச்சா?"

"ஊர் தெரியாதுங்க. என் மகனோட புக்குல."

"பேரு?"

"போட்மேன்னுதாங்க போட்டிருக்குது."

எனக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. சாமியார் என்னைப் பார்த்தார். கையை நீட்டினார், கைடைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே பத்தி முழுவதையும் வாசித்தார். எங்கள் வீட்டில் அந்தப் பத்தியை அதுவரை ஒருத்தரும் வாசித்ததில்லை.

"இவன் சாகலம்மா. அலையில அடிச்சிக்கிட்டுப் போயி வேற ஊர்ல கரையேறிட்டான். யாரோ ஒரு வீட்ல உக்காந்து சூப்பு குடிச்சிட்டு இருக்கான்."

"அப்ப அந்தப் பொண்ணு அழுவுறாளே சாமி."

"செத்துட்டான்னு நினைச்சு அழுவுறா."

மாமியார் விடவில்லை. "உசுரோட இருக்கான்னு அவளுக்கு யாரு போயி சொன்னாங்க?"

சாமியார் மறுபடியும் பத்தியைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார். யாரும் போய்ச் சொன்னதாக அதில் இல்லை. அவன் சூப்பு குடிப்பதோடு பத்தி முடிந்துவிட்டது. "தெரியலம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பத்தியப் படிக்காம கேள்வி பதில மட்டும் படிச்சா இப்படித்தான் ஆகும். பதில் பத்திக்குள்ளதான் இருக்கு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பேசினார். "ஞானோபதேசத்துல எங்களுக்குக் கேள்வியும் பதிலும்தானேங்க சாமி குடுத்தீங்க."

சாமியார் கைடை மூடி என் கையில் கொடுத்தார். பூசை வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆனால் அவன் உயிரோடு இருக்கும் செய்தி எப்படியாவது அவளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பரீட்சை முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் தனியாகச் சொல்லப்பட்டது. நானும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, மனதார வேண்டிக்கொண்டேன். புருஷன் எங்கேயோ உட்கார்ந்து சூப்பு குடிக்கிறான், இவள் இங்கே அழுகிறாள் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது.

அதற்குப் பிறகு பத்தியையும் வாசித்தோம். விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று மாமனாரே விட்டுவிட்டார், அவருக்கும் கதை வேண்டியிருந்தது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதில் வருகிறவன் செய்தது சரியா தப்பா என்று சண்டை நடக்கும். அண்ணியும் மாமியாரும் ஒரு கிழட்டுக் குதிரையை விற்றவனை வைத்துச் சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை. இந்த மனுஷன் தேற வேண்டும். ராத்திரியும் பகலும் எனக்கு அது ஒன்றுதான்.

பரீட்சை தர்மபுரியில். காலையில் மாமனார் அவர் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். அன்றைக்கு யாரும் காட்டு வேலைக்குப் போகவில்லை. சாயங்கால பஸ்ஸில் அவர் வந்து இறங்கியபோது முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"பத்தி நம்மளுது இல்ல" என்றார்.

மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "நம்ம புக்குல இல்லாத பத்தியா?"

"ஆமாங்கப்பா. புதுசு."

"அது எப்பிடி புதுசு குடுப்பாங்க? நாம இத்தன நாளு முட்டி தேயப் படிச்சது என்னாத்துக்கு? புக்க எடு, நாளைக்கே கலெக்டராபீசுக்குப் போயி காட்டிட்டு வரேன்."

மொரப்பூர், கோட்டர்ஸ், காப்பி எல்லாம் போயிற்று என்று அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்போது அவர், "இல்லங்கப்பா, எழுதிட்டேன். நல்லாவே எழுதிட்டேன்" என்றார்.

எப்படி என்று யாரும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டார்கள். அவரும் அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மொதல்ல நம்ம பத்தியில எதுன்னு தேடித்தேடி வேர்த்துப் போச்சு. பேனாவ கீழ வெச்சிட்டேன். அப்பறம் பாத்தா நடுவுல ரிலக்டன்ட்டுன்னு ஒரு வார்த்த. பாத்த ஒடனே அம்மா கொரல்ல 'மனசில்லாத'ன்னு காதுல கேக்குது. அடுத்த வரியில ஷெல்டர். அண்ணி கொரல்ல 'ஒண்டுற எடம்'. பசங்க கொரலு, அண்ணன் கொரலு, ஒவ்வொன்னா வருது. அப்பிடியே பத்தி முழுக்க வெளங்கிருச்சு. ஒவ்வொரு பதிலும் எழுதி முடிச்சா அப்பா ஆமென் சொல்றாரு, அப்பறந்தான் எனக்கு அடுத்த கேள்விக்குப் போவ முடியுது."

போதும் என்று கண்ணைக் காட்டினேன். பார்க்கவேயில்லை. மாமியார் முகம் மலர்ந்துகொண்டே போனது. அண்ணி தலையைச் சாய்த்து, "ஒண்டுற எடமா? என் கொரல்லயேவா?" என்று மறுபடியும் கேட்டார். அவரும் மறுபடியும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என் கொரலு கேக்கலயா?"

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "நீ கேள்விதான கேட்ட. கேள்விதான் பேப்பர்லயே அச்சுல இருந்துச்சே."

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்தது, பாஸ். ஆர்டரும் வந்தது. மொரப்பூர், கிளார்க், கோட்டர்ஸ். நான் கேழ்வரகு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன், அத்தனை சந்தோஷம். என் கல்யாணப் பாத்திரங்களை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்துக் கோணியில் கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், முற்றத்தின் அந்தப் பக்கத்தில் மாமியாரும் ஒரு கோணி கட்டிக்கொண்டிருக்கிறார். சுரூபத்தை வைக்கோலில் சுற்றி அதற்குள் வைக்கிறார்.

"எங்கீங்க அத்த?"

"எங்கன்னா? மொரப்பூருக்குத்தான்."

"நீங்க எதுக்குங்க அங்க? வூடு சின்னதுங்க. ஒரே ஒரு ரூமு."

மாமியார் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "ஏம்மா, பரீட்ச பாஸ் பண்ணது யாரு? நானு, உங்க மாமா, பெரியவ, பசங்க. அவனே சொன்னான், நீயுந்தான கேட்டுட்டு இருந்த. பாஸ் பண்ணதெல்லாம் நாங்க, கோட்ரசுல நீ மட்டும் போயி இருக்கறதா?"

எட்டாவது வரை படித்த மூளையை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பதில் இல்லை. மாமனார் நிலத்தை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணி மட்டும் பெருந்தன்மையாக, "நான் வரல, ஆடு மாட்ட யாரு பாக்கறது. என் பங்குக்குப் பசங்கள கூட்டிட்டுப் போ, மொரப்பூர்ல நல்லா படிக்கட்டும்" என்றார். அழுவதற்குக்கூட எனக்கு ஒரு மறைவு கிடைக்கவில்லை.

விடியுமுன்னே கிளம்பிய மாட்டுவண்டி மொரப்பூர் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கோட்டர்சில் ஒரு அறை, ஒரு சமையலறை. நான் கோணியை இறக்குவதற்குள் மாமியார் அறையில் சுரூபம் வைக்க இடம் பார்த்துவிட்டார். பிள்ளைகள் ரயிலைப் பார்க்க ஓடினார்கள். மாமனார் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்களிடமெல்லாம், கிளார்க் பரீட்சை ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த குழாயடிக்குப் போனேன். அவரும் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"தனிக்குடித்தனம்னு சொன்னீங்களே."

அவர் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"தனி ஆளா பாஸ் பண்ணியிருந்தா தனியா வந்திருக்கலாம்" என்றார்.

குடம் நிரம்பியது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆறு பேருக்கு உலை வைக்க வேண்டியிருந்தது.